கணக்கெடுப்பு இரவு

பட்டியலில் இருந்த புள்ளிக்கு
மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள் ஹந்த்சூரென்.
வீடு இல்லை.
வீடு இருந்த வட்டம் இருந்தது:
வெயில் படாமல் வெளுத்த புல்,
நடுவில் அடுப்புச் சாம்பல்,
தெற்கே, வாசல் இருந்த பக்கம்,
காலணிகள் தேய்த்த மண்.

கைக்கணினி கேட்டது:
குடியிருப்பின் நிலை என்ன?
பூட்டியிருக்கிறது. இடிந்துவிட்டது. பதில் தர மறுக்கிறார்கள்.
ஏதேனும் ஒன்றைத் தொடவும்.

ஒன்றையும் தொடாமல்
லாரிச் சக்கரத்தின் தடத்தைத் தொட்டுக்கொண்டு போனாள்.

பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்:
உங்கள் பகுதியின் மக்கள் அடர்த்தி
சதுர கிலோமீட்டருக்கு முக்கால் ஆள்.
கோபியின் சரளையில் மூன்று மணி நேரம்
அந்த முக்கால் ஆளைத் தேடினாள்.
கால் குறைந்தவர்
இவ்வளவு தூரம் எப்படி நடந்திருப்பார்?

பிறகு தெரிந்தது, புகை.

சாய்ந்து நின்ற லாரி.
அதன் முதுகில் சுருட்டிய கம்பளம், கூரைக் கழிகள்,
எல்லாவற்றுக்கும் மேலே மல்லாந்து கிடந்தது
வீட்டின் உச்சி வளையம்.
லாரியின் நிழலில், வெட்டவெளியில்,
சுவரில்லாத சமையலறையாய் ஓர் அடுப்பு.

உப்புப் போட்ட பால் தேநீரை நீட்டி
"முதலில் குடி" என்றாள் தெஜித்மா,
"குடியை அப்புறம் எண்ணலாம்."

பெயர். வயது. உறவு. கால்நடை.
போன இலையுதிர் காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
இப்போது அறுபத்தொன்று.
மழை பெய்து, அது உறைந்து,
புல்லின்மேல் கண்ணாடி போட்டது போலாகிவிட்டதாம்.
ஆடுகளுக்குப் புல் தெரிந்தது.
வாய்க்கு எட்டவில்லை.

இடம்பெயர்வுக்குக் காரணம்:
உந்து காரணியா, இழு காரணியா?

"லாரியைக் கேள்," என்றார் பூரெவ்ஜாவ்
எஞ்சினுக்குள் தலையை விட்டபடி.
"உந்தியும் பார்த்தோம். இழுத்தும் பார்த்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து
அவரே சிரித்தார்.

மகன் தலைநகரின் குன்றுச் சரிவில் இருக்கிறான்.
அவன் முகவரி ஒரு மின்கம்பத்தின் எண்.
"அங்கே போய்விடுவீர்களா?"
தெஜித்மா வடக்கே பார்த்தாள்.
"அறுபத்தொன்றும் பேருந்தில் ஏறாது."

அப்போது திரை சிவந்தது:
நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்.
இக்குடும்பம் அடுத்த மாவட்டத்தைச் சேர்ந்தது.

எழுந்து நின்று எல்லையைத் தேடினாள்.
வரைபடத்தில் அது தடித்த கோடு.
தரையில், அந்த இடத்தில்,
ஒரு பல்லி இந்த மாவட்டத்திலிருந்து
அந்த மாவட்டத்துக்கு ஓடி
என்னவோ யோசித்துத் திரும்பி வந்தது.

நிரந்தர முகவரி? குளிர்கால முகாம்.
தற்போதைய முகவரி? பழுதான அச்சு.
போய்ச் சேரும் ஊர்? புல் இருந்தால் சொல்கிறோம்.

ஊர்வதும் ஊர்தான் என்று
யாரோ ஒரு மொழியில்
எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கட்டத்தில் அடங்கும்படி
லாரி நின்ற அட்சத்தையும் தீர்க்கத்தையும் எழுதினாள்,
ஏழு தசமத் துல்லியத்தில்.
காலையில் அங்கே
எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும்.

இருட்டியது.
வீட்டை இறக்கவில்லை, கம்பளத்தை மட்டும் இறக்கினார்கள்.
கடைசிக் கேள்வியை வாசித்தாள்:
கணக்கெடுப்பு இரவில் இங்கே தங்கியவர் எத்தனை பேர்?

"நால்வர்," என்றாள் சின்னவள் ஸயா.
பிறகு விரலை மடக்கி மறுபடி எண்ணினாள்.
"அக்கா, உன்னை யார் எழுதுவார்கள்?"

தலைநகரில் அவள் வீட்டுக் கதவை இன்று மாலை
வேறொருத்தி தட்டியிருப்பாள்.
கணவர் சொல்லியிருப்பார்:
வெளியே போயிருக்கிறாள். எங்கே என்று தெரியாது.

பொத்தானின் மேல் கட்டைவிரல் வெகுநேரம் நின்றது.
ஒட்டகம் ஒன்று இருட்டில் செருமியது.
நான்கை அழித்து
ஐந்து என்று போட்டாள்.
உறவு என்ற இடத்தில்
நெடுநேரம் ஒன்றும் போடவில்லை.